‘அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா’

மசாலாப் பொடி, கடலை மிட்டாய், செக்கு எண்ணெய், அப்பளம் என்று பாக்கெட்டில் அடைத்து விற்கிற பொருட்களுக்கு உறை வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் ஆபீஸின் தொழில். இருப்பது கோயம்புத்தூரில். பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர் பக்கத்து வாடிக்கையாளர்கள்தான் அதிகம். அட்டைப்பெட்டி என்றால் சிவகாசியில் அச்சாகும். பிளாஸ்டிக் பவுச் என்றால் டிசைனைப் பொறித்த உலோக உருளையை, அதாவது சிலிண்டரைப் போட்டு, கிராவியூர் என்கிற அச்சு முறையில் ஓட்ட வேண்டும். கல்லூரி முடித்த கையோடு வருகிற பிள்ளைகளை இந்த வேலைக்குப் பழக்குவது பல வருடமாக என் பொறுப்பு.

புதிதாக வருகிறவர்களில் எல்லாவற்றுக்கும் எழுந்து வந்து கேட்கிறவர்கள் உண்டு. ‘அக்கா, இந்த நீலத்தைக் கொஞ்சம் குறைக்கட்டுமா’ என்று அரைமணிக்கு ஒருதரம் நாற்காலி பக்கத்தில் வந்து நிற்பார்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை. எதையுமே கேட்காமல் முடித்துவிட்டு ‘அனுப்பிட்டேன்க்கா’ என்று சொல்கிறவர்கள்தான் வயிற்றைக் கலக்குவார்கள். வெப்சைட்டில் தப்பு இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் திருத்திவிடலாம். பவுச்சில் தப்பு இருந்தால் அது ரோல் ரோலாக அச்சாகி வாடிக்கையாளரின் குடோனில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த இரண்டாவது ரகத்தில் ஒரு தம்பி எங்களிடம் சேர்ந்தான். நேர்காணலில் அவன் காட்டிய வேலைகள் கண்ணைப் பறித்தன. கறுப்புப் பின்னணியில் மிதக்கிற டீத்தூள் டப்பா, பனித்துளி வழியும் ஜூஸ் பாட்டில், எல்லாம் மாக்கப், திரையில் மட்டும் செய்த மாதிரிப் படங்கள். அச்சுக்குப் போன வேலை ஒன்றுகூட இல்லை. கை வேகம், கண் நல்ல கண், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் தலையை ஆட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வான். கோப்பில் ஏதாவது குறை சொன்னால் ‘அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா’. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு எண்ணெய் மில்லுக்காரரின் தாத்தா காலத்து லோகோவை, யாரும் கேட்காமலே திருத்தி வரைந்து, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற கோப்பில் சேர்த்துவிட்டான். மில்லுக்காரர் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன். வரைந்தது நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

இப்படி ஒருவன் கிடைத்தால் ‘திமிரு’ என்று முத்திரை குத்திவிடுவது சுலபம். எங்கள் டீமில் ஒரு வாரத்துக்குள் அவனுக்கு ‘ஆர்ட் டைரக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதை முதலில் நிறுத்தச் சொன்னேன். கேலி பண்ணினால் ஆள் அடங்குவான் என்று நினைப்போம். நான் பார்த்தவரை அடங்குவதில்லை, தன் வேலையை இன்னும் இறுக்கி மூடிவைத்துக்கொள்கிறான். அப்புறம் கோப்பு நம் கண்ணில் படுவதே கடைசி நிமிடத்தில்தான்.

அந்தத் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எனக்கு ஒரு கேள்வி போதும்: ‘இதை ஏன் இங்க வெச்ச?’ காரணம் யோசித்து வைத்தவன் காரணம் சொல்வான். பயத்தை மூடிக்கொண்டிருப்பவனுக்குச் சட்டென்று கோபம் வரும். ‘நல்லா இருக்குல்லக்கா’ என்று திருப்பிக் கேட்கிறவன், இதுவரை யாரும் தன்னை அப்படிக் கேட்டதில்லை என்று சொல்லாமல் சொல்கிறான். நம் தம்பி மூன்றாவது ஆள். நான்கு வருடம் திரையில் வரைந்திருக்கிறான், திரையில் காட்டியிருக்கிறான், திரையிலேயே பாராட்டு வாங்கியிருக்கிறான். அச்சகத்திலிருந்து தன் வேலை திரும்பி வந்து மேசையில் விழுந்ததைப் பார்த்ததே இல்லை. எது தப்பாகப் போகும் என்று தெரியாதவனுக்கு எதற்குப் பயம் வரும்?

முதல் பெரிய உரசல் ஒரு மிளகாய்த்தூள் பவுச்சில் வந்தது. இந்தச் சின்னப் பாக்கெட்டுகள் ரோலாகத்தான் அச்சாகும். பேக்கிங் மெஷின் அந்த ஃபிலிமை இழுத்து, குழாய்போலச் சுற்றி, ஒட்டி, பொடியை நிரப்பி, வெட்டித் தள்ளும். எங்கே வெட்டுவது என்று மெஷினுக்குச் சொல்வது ஃபிலிமின் ஓரத்தில் பாக்கெட்டுக்கு ஒன்றாக இருக்கும் சின்னக் கறுப்புக் கட்டம். ஐ மார்க் என்போம். சென்சார் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பாக்கெட்டின் எல்லையையும் கண்டுபிடிக்கிறது. தம்பி அந்தக் கட்டத்தை அழித்துவிட்டிருந்தான். ‘ஓரத்துல அசிங்கமா ஒரு பெட்டி இருந்துச்சு, கிளீன் பண்ணிட்டேன்க்கா.’

திருப்பி வை என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பான். ஆனால் அவன் மனதில் அது ‘அக்காவுக்கு அழகு புரியல’ என்று பதிந்திருக்கும். சிலிண்டர் செய்ய இன்னும் நாள் இருந்தது. அதனால் கோப்பைத் தொடாமல், பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் வாடிக்கையாளரின் யூனிட்டுக்கு அவனை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். பேக்கிங் மெஷின் ஓட்டுகிற அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். மிளகாய் நெடியில் எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அவருக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது.

‘மெஷினுக்குக் கண்ணே இதுதானுங்க தம்பி’ என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பழைய ரோலில் சென்சாரை மட்டும் அணைத்துக் காட்டினார். முதல் சில பாக்கெட் ஒழுங்காகத்தான் விழுந்தது. அப்புறம் மேல் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பட்டை தெரிந்தது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் அது அகலமானது. கொஞ்ச நேரத்தில் பிராண்ட் பெயரின் தலை ஒரு பாக்கெட்டிலும் கால் அடுத்த பாக்கெட்டிலுமாக வெட்டுப்பட்டு விழுந்தது. தம்பி குனிந்து ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அந்த அண்ணன் விடவில்லை. ‘அடர் கலர் மேல கறுப்புக் கட்டம் வெச்சு அனுப்புவாங்க பாருங்க, அதும் அதுக்குத் தெரியாதுங்க. பின்னாடி வெளுப்பா இருக்கோணும்’ என்று சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் கோப்பில் கட்டம் திரும்பி வந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டையையும் அவனாகவே சேர்த்திருந்தான். அதை நான் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து இதை ஒரு முறையாகவே வைத்துக்கொண்டேன். அழகு பற்றிய வாக்குவாதத்தில் பெரியவர் சொன்னால் சின்னவர் கேட்டுக்கொள்வார், ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் முடிந்தவரை நான் தீர்ப்புச் சொல்வதில்லை. மெஷின் சொல்லட்டும், ஸ்கேனர் சொல்லட்டும், கடைக்காரர் சொல்லட்டும். பார்கோடு விஷயமும் அப்படித்தான் முடிந்தது. மிளகாய்க்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதன் கோடுகளைச் சிவப்பாக்கியிருந்தான். கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்கேனர்களில் வருவது சிவப்பு ஒளி. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலத்தான். தெருமுனை டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பில் போடுகிற பெண் திருப்பித் திருப்பிக் காட்டியும் பீப் வரவில்லை. அந்த வாரமே ஆபீஸுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டோம். இப்போது எந்தப் பார்கோடும் அதில் பீப் அடிக்காமல் வெளியே போவதில்லை. பக்கத்தில் விட வேண்டிய வெற்றிடத்தையும் இது கவனிக்க வைக்கிறது. கடைப் பொருட்களில் வழக்கமாக இருக்கும் 13 இலக்க இஏஎன்-13 பார்கோடுக்கு முழு அளவில் இடது பக்கம் 3.63 மில்லிமீட்டர், வலது பக்கம் 2.31 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் டிசைனர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான்.

இதில் ஒரு கவனம் வேண்டும். எங்கே தப்பு நடந்தால் செலவு குறைவோ, அங்கே விட வேண்டும். கலர் பிரிண்ட், கையால் மடித்து ஒட்டிய டம்மி, டிஜிட்டல் புரூஃப் என்கிற மாதிரி அச்சு, இதுவரைக்கும் விடலாம். சிலிண்டருக்குப் போகிற கோப்பில் ‘பட்டால்தான் தெரியும்’ என்று விடுவது வாடிக்கையாளர் காசில் பாடம் எடுக்கிற வேலை. ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர், செம்பில் பொறித்து குரோம் பூசியது. ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கலரின் சிலிண்டரைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எனக்கு அதிகம் பலன் கொடுத்த வழி ரொம்பச் சாதாரணமானது. புரூஃப் வருவதற்கு முன்னால், அது எப்படி வரும் என்று அவனையே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ‘பச்சை திரையில் இருப்பது போலவே வரும்.’ ‘பின்பக்கத்தில் பழுப்பு மேல் வெள்ளைத் தமிழ் எழுத்து தெளிவாகப் படிக்க வரும்.’ தேதி போட்டு மேசை டிராயரில் வைத்துவிடுவோம். ஒரு அல்வாப் பெட்டிக்கு சிவகாசியில் மெஷின் புரூஃப் பார்க்கப் போனபோது அந்தத் தாளும் கூடவே வந்தது. பச்சை மங்கித்தான் வந்தது. திரை ஒளியில் காட்டுகிற பச்சையில் பாதி அச்சு மையில் கிடையாது. எழுத்து விஷயத்தை மெஷின்மேன் அண்ணாச்சி லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நாலு கலர் சேர்ந்து உண்டான பழுப்பு, அதற்குள் பொடி எழுத்து. ஒரு கலர் மயிரிழை நகர்ந்தாலும் மை உள்ளே வந்துவிடும். ‘ண’வின் சுழிகள் அடைத்துப்போயிருந்தன, புள்ளிகள் பாதிக்கு மேல் காணோம். ‘இங்கிலீசுல தப்பிச்சிரும், தமிழ்ல மாட்டிக்கும் பாத்துக்கோ’ என்றார் அண்ணாச்சி. எழுத்தைத் தடிமனாக்கி ஒரு அளவு பெரிதாக்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பழுப்பையே தனி மையாகக் கலக்கலாம் என்று வழியையும் அவரே சொன்னார்.

நான் தாளை எடுத்து நீட்டவில்லை. அவனே எடுத்துப் பார்த்து, இரண்டிலும் பெருக்கல் குறி போட்டான். அடுத்த முறை எழுதும்போது ‘வரும்’ என்பது ‘வரலாம், மெஷினில் கேட்க வேண்டும்’ என்று ஆகியிருந்தது. சரியாக யூகித்தவையும் அந்தத் தாள்களில் உண்டு. அது அவனுக்கும் தெரிய வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று. அரைகுறைத் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசினாலே யாராவது ‘டன்னிங் குரூகர்’ என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்த இரண்டு உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் நின்றவர்கள் தங்களைச் சராசரிக்கு மேல் என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி ஏனோ பேசப்படுவதில்லை. தர்க்கக் கணக்குகளில் சொதப்பியவர்களுக்கு அதே தர்க்கத்தில் கொஞ்சம் பயிற்சி கொடுத்தபோது, முன்பு எவ்வளவு மோசமாகச் செய்தோம் என்று அவர்களே சரியாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். மட்டம் தட்டியதால் வந்த மாற்றம் இல்லை அது. வேலையைக் கற்றுக்கொண்டதால் தானாக வந்தது. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. லூப் வழியாகப் பார்க்கத் தெரிந்தவன் தன் எழுத்தையும் அதன் வழியாகத்தான் பார்ப்பான்.

அப்புறம், எதில் அவனுக்குச் சுதந்திரம், எதில் இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு இனிப்புப் பெட்டியில் சைவக் குறியைத் தங்க நிறத்தில் வைத்துவிட்டான், பெட்டியில் இருக்கும் தங்க ஃபாயிலோடு சேர்ந்து போகட்டும் என்று. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, 2020 விதிமுறைகளில் அது முக்கோணமாக மாறியது. இதில் ரசனைக்கு இடமே இல்லை. நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் தொடர்பு எல்லாம் 2011-ன் லீகல் மெட்ராலஜி விதிகளில், அதாவது எடை அளவு விதிகளில் வருபவை. இவை எல்லாம் அந்தப் பக்கத்தின் மேல்பாதி. கீழ்ப்பாதியில் நிறம், எழுத்துரு, படம், எது பெரிது எது சிறிது என்று எழுதி, ‘இதில் நீ சொல்வதுதான், நான் கேள்வி மட்டும் கேட்பேன்’ என்று போட்டிருந்தேன். கட்டுப்பாடு போடுகிற அன்றைக்கே சுதந்திரத்தையும் எழுதிக் கொடுத்தால் முகம் சுருங்குவதில்லை என்று கவனித்தேன். அந்தத் தாள் இன்னும் அவன் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, கீழ்ப்பாதி மட்டும் ஹைலைட்டர் பூசி.

கீழ்ப்பாதியை நானும் மதிக்க வேண்டி வந்தது. ஒரு சாம்பார்ப் பொடிக்கு, காய்கறிப் படத்தை எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்ப் பெயரை மட்டும் முழு அகலத்துக்கு வைக்கலாம் என்றான். வாடிக்கையாளருக்கு ஒப்பவில்லை. முருங்கைக்காய் இல்லாமல் சாம்பாரா என்று கேட்டார். எனக்கும் தயக்கம்தான். சரி, கடையே சொல்லட்டும் என்று இரண்டு டம்மியையும் பழக்கமான மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்து, மற்றப் பொடிகளோடு தொங்கவிடச் சொன்னோம். தெருவில் நின்று பார்த்தால் படம் போட்டதெல்லாம் ஒரே சிவப்புக் கூட்டமாகத் தெரிந்தது. எழுத்து மட்டும் இருந்த பாக்கெட் அதில் தனியாக நின்றது. வாடிக்கையாளர் வண்டியை விட்டு இறங்காமலே ‘அதையே போட்டுருங்க’ என்றார். இப்படிப்பட்ட வெற்றியை மறைக்கக் கூடாது. டீம் முன்னாலேயே அது அவன் யோசனை என்று சொன்னேன்.

வாடிக்கையாளர் முன்னால் உட்கார்வது இன்னொரு கதை. ஒரு எண்ணெய்க் கம்பெனி மீட்டிங்கில், ‘எப்பங்க கிடைக்கும்’ என்று அவர்கள் கேட்டு வாய் மூடுவதற்குள் ‘செவ்வாய்க்கிழமையே குடுத்துடலாம் சார்’ என்றான். அன்றைக்கு வெள்ளி. அங்கே வைத்து அவனை வெட்டிப் பேசவில்லை. ‘தம்பி சொன்னது டிசைனுக்குங்க. அச்சுக்குப் போற கோப்புக்கு அதுக்கு மேல ஒரு வாரம் ஆகும்’ என்று மட்டும் சேர்த்தேன். அவன் வாக்கும் காப்பாற்றப்பட்டது, அச்சக வேலைக்கும் நேரம் கிடைத்தது. வெளியே டீக்கடையில் வைத்துத்தான் பேசினோம். டிசைனைக் காட்டுவதும் காரணம் சொல்வதும் அவன், தேதியும் பணமும் நான் என்று முடிவு பண்ணிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமைக்கு அவன்தான் கொடுக்க வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து முடித்தான். பாவம் என்று இரவோடு இரவாக நாமே முடித்துக் கொடுக்கிற பழக்கம் சீனியர்களிடம் உண்டு. அப்படிச் செய்தால் அடுத்த மீட்டிங்கில் அவன் திங்கட்கிழமை என்று சொல்வான்.

பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கிச் சொல்வது எங்களிடம் எடுபடவில்லை. அவன் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். ‘நல்லா இல்ல’ என்பதும் வேலைக்காகாது. ‘நாலடி தள்ளி நின்னு பாரு, எந்த வார்த்தை முதல்ல கண்ணுல படுது?’ என்று கேட்டால் பதில் வரும், பதிலிலேயே திருத்தமும் வரும். ஹெட்போனோடு நான் சண்டை போடவில்லை. வாயால் சொன்ன திருத்தத்தை அவன் திரும்ப எழுதி அனுப்பிய பிறகுதான் கோப்பைத் திறக்க வேண்டும் என்று வைத்தேன். பாதி கேட்டு ஆட்டிய தலை எழுதும்போது மாட்டிக்கொள்ளும்.

சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் சீனியர் என்ற பெயரும் சம்பள உயர்வும் கேட்டான். சீக்கிரம்தான். ‘இன்னும் வளரணும்’ என்று மழுப்பினால் அவனுக்கு அது அவமானம், எனக்கு ஒத்திப்போடல். சீனியர் என்பவர் என்ன செய்கிறார் என்று கோப்புறையைத் திறந்து காட்டினேன். சிலிண்டருக்குப் போகும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு தாள் போகும். எழுத்து, எடை, விலை, பார்கோடு, ஐ மார்க், கலர் வரிசை எல்லாம் பார்த்துவிட்டதாக ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ‘அடுத்த அப்பள பவுச் உன் கையெழுத்துல போகட்டும். நான் பார்ப்பேன், ஆனா உன் பேர்தான்.’ கோப்பு தயாராகி இரண்டு நாள் அவன் மேசையிலேயே கிடந்தது. அச்சகத்துக்கு மூன்று தடவை போன் பண்ணினான். பவுச்சின் ஒட்டும் ஓரத்துக்குள் எழுத்து போகிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தான். சீக்கிரம் அனுப்பு என்று நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சம்பளத்தில் ஒரு பகுதி அந்த மாதம் ஏறியது. பெயர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது, எந்தெந்த வேலை முடிந்தால் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்து. தேதி சொல்கிற வியாதி மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. போன வாரம்கூட ஒரு கடலை மிட்டாய்க்காரரிடம் போனில் ‘நாளைக்கே’ என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். ‘மெயில்ல அக்கா அனுப்புற தேதிதான் கணக்கு’ என்று எல்லா வாடிக்கையாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். கடலை மிட்டாய்க்காரரும் அடுத்த நிமிடமே எனக்குப் போன் போட்டு நிஜத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.